காமில் நானாவுக்குக் கேட்ட ஓதல்

பதுளைக் கடைவீதியில் ரேடியோ திருத்தும் காமில் நானாவுக்குக் காது கேட்காது என்பது அவருடைய மனைவி றஷீனா ராத்தாவுக்கு மட்டுமே தெரியும். ஏழு வருடங்கள் இருவருமாக அதை மறைத்து வைத்திருந்தார்கள். 1987ஆம் ஆண்டு, எங்கள் வீட்டு முன்னறையில் அது வெளியே வந்தது.

ஸ்பிரிங்வெளி, நமுனுகுல தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் மரத்தில் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். திருவிழா முடியும்வரை அதன் அடியிலேயே பாய் விரித்துக் கிடப்பார். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. இருபது வருட இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது.

ஆட்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே ஊகித்துக்கொள்வார். ரேடியோவுக்குக் கடையில் ஒரு வழி செய்திருந்தார்கள். திருத்திய ரேடியோவை அவர் போடுவார். உள்ளே தையல் மெஷினில் இருக்கும் ராத்தா, சத்தம் தெளிவாக இருந்தால் ஒரு விரலைத் தூக்குவார். கரகரத்தால் கையை மூடுவார். எவ்வளவு சத்தம் என்று அறிய, நானா ஸ்பீக்கர் துணியில் உள்ளங்கையை வைப்பார். தோட்டத்துக் கங்காணி இராசையா அதைப் பார்த்து, "நானா ரேடியோவுக்கு நாடி பாத்துத்தான் மருந்து குடுப்பாரு" என்று சிரிப்பார். நானாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஜித்தாவில் வேலை செய்த என் சகோதரன் அந்த வருடம் ஒரு சீடி பிளேயர் அனுப்பினான். கூடவே குர்ஆன் ஓதல் பதிந்த ஒரு தட்டு. அப்போது பதுளையில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என் வாப்பா அலவி ஹாஜியார், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகிகளைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பிடுவதற்கு முன் அவர்கள் அந்த ஓதலைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பள்ளிவாசலுக்குப் புது ஒலிபெருக்கிகள் வாங்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. வேலையைக் காமிலுக்கே கொடுக்கச் சொல்லலாம் என்று வாப்பா நினைத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டு ஆம்பிளிஃபையருடன் பிளேயரை இணைக்க அவரையே கூப்பிட்டார். சமையலுக்கு உதவ என்று சொல்லி ராத்தாவும் கூட வந்தார்.

நானா முதலில் பிளேயரின் பின்னால் இருந்த சின்ன மின் ஆளியை 220 என்ற எண்ணுக்குத் தள்ளினார்.

"சவூதி கரண்டு வேற, நம்மட கரண்டு வேற, ஹாஜியார். இத மறந்து எத்தன பேர் சாமான எரிச்சிக்கிட்டாங்க!"

அதில் அவர் தவறவில்லை. தவறியது அடுத்ததில். ஆம்பிளிஃபையரின் பின்னால் வரிசையாகத் துளைகள் இருந்தன. ரெக்கோட்டும் சுழலும் தட்டு, இதுவும் சுழலும் தட்டு. ரெக்கோட் பிளேயரின் வயரைக் கழற்றிவிட்டு, அதே துளையில் இதைச் சொருகினார்.

விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் வாப்பா அதை என்னிடம் தந்திருந்தார். அந்தத் துளை, ரெக்கோட் ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பலமடங்கு பெரிதாக்குவது. சீடி பிளேயரை அதில் இணைக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. உள்ளறை வாசல் திரைக்குப் பின்னால் நின்றபடி சொன்னேன்.

"நானா, அந்த ஓட்டையில குடுக்கப்படாதாம். பக்கத்துல உள்ளதுலதானாம்."

திரை அசைவதைக் கண்டு அவர் திரும்பிச் சிரித்தார். "இப்ப வேணாம் மகள். தேத்தண்ணி பொறகு குடிக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவருக்குக் கேக்காது மகள். யாருக்கும் செல்லிராதீங்க."

அதற்குள் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்நிய ஆண்கள் இருக்கும் அறைக்குள் நாங்கள் போக முடியாது. குரல் கொடுத்தால் அவரைத் தவிர எல்லோருக்கும் கேட்கும். வாப்பாவை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் காமிலிடமே சொல்லவில்லை என்று அவர் கேட்பார். நான் புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றேன். ராத்தா திரையைக் கொஞ்சம் ஒதுக்கி, மூடிய கையை அந்த இடைவெளியில் வைத்தார்.

நானா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினார்.

முதல் சொல்லே உடைந்து வந்தது. பிறகு வந்தது எதுவும் சொல்லாகவே இல்லை. தகரத்தைக் கிழிப்பதுபோல் ஓர் இரைச்சல். ஒரு பெரியவர் காதைப் பொத்தினார். நானா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, உள்ளங்கையை ஸ்பீக்கரில் வைத்தார். பிறகு தலையைச் சாய்த்து, சத்தத்தை இன்னும் கூட்டினார்.

"காமில், நிப்பாட்டு!" வாப்பா கத்தினார். "நிப்பாட்டுடா!"

நானா முகம் மலரத் திரும்பினார். "எப்படி, ஹாஜியார்?" என்று கேட்டார்.

எரிந்த வாடை வந்தது. ஒரு ஸ்பீக்கர் அடங்கிப்போனது. யாரோ எழுந்து வயரைப் பிடுங்கினார்கள்.

"இவருக்குக் காது கேக்காது," என்றார் பெரியவர், மெதுவாக. "இவர்ட கையிலயா நாம பாங்கு சொல்ற மெஷினக் குடுத்து வெச்சிருந்தம்?"

அவர் சொன்னது நானாவுக்குக் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தார். கடைசியில் திரையைப் பார்த்தார். ராத்தாவின் கை இன்னும் மூடியே இருந்தது.

பள்ளிவாசல் வேலை வேறொருவருக்குப் போனது. பிறகு இராசையா கடைக்கு வந்து, "கோயிலுக்கு வேற ஆளப் பாத்துட்டாங்க நானா, நான் எவ்வளவோ சொன்னேன்" என்றார். தெரு முழுக்கக் கேட்கும்படி அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் கடையை மூடினார்கள்.

வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாள், வயரைப் பக்கத்துத் துளையில் நானே சொருகினேன். மிஞ்சிய ஒற்றை ஸ்பீக்கரில் ஓதல் தெளிவாகக் கேட்டது. ஒரு நிமிட வேலை.

துணி தைக்கக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது அதை ராத்தாவிடம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"அண்டைக்கு வீட்டுக்கு வார வழியில அவர் ஒண்டு செல்லினார் மகள். ஏழு வருஷத்துக்குப் பொறகு ஓதுறது காதுல கேட்டுச்சாம். அதுதான் சத்தத்தக் கூட்டினாராம்."