சரவாக் மழைக்கு நான் போட்ட பலகை

கௌதள்ளியில் நாலாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்தவன் நான். அதற்கப்புறம் என்னவெல்லாம் கட்டினேன் என்று சொல்கிறேன், விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். ஹனூரில் ஒரு கல்யாண மண்டபம். அடியில் பாறை என்று மூன்று மேஸ்திரிகள் கைவிட்டுப் போன இடம். கொள்ளேகாலில் இரண்டு அரிசி மில். மைசூரில் நான் இப்போது குடியிருக்கும் வீடு. மாடிப்படி மட்டும் கொஞ்சம் செங்குத்தாகிவிட்டது, சம்பந்தி வீட்டார் அடிக்கடி ஏறி வருவதில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, கடல் தாண்டி போர்னியோத் தீவில், சரவாக் பக்கம், நாலு மாடி மாணவர் விடுதி. வருஷம் முழுக்க மழை ஊற்றும் ஊரில் ஒரு சொட்டு ஒழுகாத கட்டடம். அந்த ஒழுகாமைக்குக் காரணம் யார் என்பதுதான் இப்போது வழக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்த விடுதி வேலையில் எங்களுக்கு எஞ்சினியராக இருந்தவருக்கு இங்கே மைசூரில் பாராட்டு விழா. மருமகள் மங்களா என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். மண்டபத்து வாசலில் நல்ல மழை. சமையல் ஆட்கள் அண்டாக்கள் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நனைந்த தார்ப்பாய் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு மைசூர் மறந்து சரவாக் வந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தால் திரையிலும் சரவாக்! ஒரு பெரிய தாள். அதில் கட்டம் கட்டமாகப் புள்ளி, சீப்பு, வால் முளைத்த வட்டம், முள். "எஞ்சினியர் அவர்கள் தாமே வகுத்த மழை அட்டவணை" என்று ஒருவர் மைக்கில் கன்னடத்தில் வாசித்தார். எஞ்சினியரைப் பற்றிப் புத்தகம் வருகிறதாம், அதிலும் இது உண்டாம்.

தாமே வகுத்தாராம்! அது எப்படி வகுக்கப்பட்டது என்று நீங்களாவது கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் மழைக்கெல்லாம் நட்சத்திரப் பேர் உண்டு. பரணி மழை, ரோகிணி மழை, திருவாதிரை மழை, சித்திரை மழை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பதினாலு நாள். எந்த மழைக்கு எள் விதைக்கலாம், எந்த மழைக்கு ராகி என்று படிக்காத கிழவிகளும் சொல்வார்கள். நானும் அதில் கெட்டிக்காரன். விமானம் ஏறும்போது வேட்டி நாலு, சட்டை நாலு, தினசரிக் காலண்டர் ஒன்று கொண்டுபோனேன்.

முதல் தளம் கான்கிரீட் போட நாள் பார்க்கச் சொன்னார் எஞ்சினியர். ஆடி மாசம், பூச நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பூச மழை எங்கள் ஊரில் சும்மா பேருக்குத்தான். சனிக்கிழமையைக் குறித்தேன். ராகு காலம் பத்தரைக்கு முடியும். அப்புறம் கற்பூரம் காட்டி, ஊரெல்லாம் அலைந்து வாங்கிய பூசணிக்காயை உடைத்து, பதினோரு மணிக்குக் கலவை மிஷினை ஓட்டச் சொன்னேன்.

மிஷின்காரன் அவாங், உள்ளூர் ஆள். எங்களிடம் பத்துத் தமிழ் வார்த்தை கற்றிருந்தான், அதில் ஏழு வெளியே சொல்ல முடியாதவை. மிச்சம் மூன்றையும் சைகையையும் வைத்து எச்சரித்தான்: "மேஸ்திரி, மலை பாரு." சொல்லிவிட்டுத் தலையில் தொப்பி வைப்பதுபோலக் கையைக் காட்டினான்.

பார்த்தேன். மலை உச்சியில் கொஞ்சம் மேகம், எங்கள் ஊர்க் கவுண்டர் முண்டாசு கட்டினாற்போல. "போடா, பூச மழை எங்கூர்லயே வராது, இங்கெங்க வரப்போவுது?" என்றேன்.

இரண்டு மணிக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டாற்போல வந்தது. பாதித் தளம் போட்டிருந்தோம். தார்ப்பாய் விரிப்பதற்குள் சிமெண்ட் மோராகிப் படி வழியே இறங்கி ஓடியது. உடைத்த பூசணிக்காயில் ஒரு துண்டு அதில் மிதந்து எங்களுக்கு முன்பே கீழே போய்ச் சேர்ந்தது.

எஞ்சினியர் குடையோடு நின்று பூசணிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோடி, பாருங்க மேஸ்திரி, இன்னொரு தளம் நனைஞ்சா கம்பெனி நம்ம ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிடும். காலண்டர மடிச்சு வையுங்க."

காலண்டரை மடித்தேன். மெஸ் தாழ்வாரத்தில் ஒரு பிளைவுட் பலகையைச் சாத்தி, மிச்சம் கிடந்த பெயின்ட்டால் கட்டம் போட்டேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், அதனால் அடையாளம். தூறலுக்குப் புள்ளி. கொட்டு மழைக்குச் சீப்பு. இடிக்கு வால் வட்டம். தினம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனைக்கு விட்டது, காலையில் மலை முண்டாசு கட்டியதா, எல்லாம் பலகையில். அரைகுறைத் தளத்தை இடித்து எடுத்து, கீழ்வேலைகளைப் பார்த்துக்கொண்டே ஏழு மாசம்.

நடுவில் ஒரு கூத்து. ஆவணியில் ஒருநாள் ஊரே வெள்ளையாக மூடிக்கிடந்தது. பனி என்று குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வியர்வை கழுத்தில் வழிகிறது, கண் எரிகிறது. எங்கோ காட்டுக்குத் தீ வைத்த புகை அது என்று அவாங் சைகையில் காட்டித்தான் தெரியும். என் குல்லாவைப் பார்த்து அவனுடைய மற்ற ஏழு வார்த்தைகளையும் அன்று செலவழித்தான்.

பலகை சொன்னது இதுதான்: அந்தத் தீவில் பருவம் மாசத்தில் இல்லை, மணியில் இருக்கிறது. காலை வெளுத்திருக்கும், மத்தியானம் மலை முண்டாசு கட்டும், இரண்டிலிருந்து நாலுக்குள் ஊற்றும். கார்த்திகை தாண்டினால் மட்டும் கடலிலிருந்து லண்டாஸ் என்கிற காற்று கிளம்பி, நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். அப்போது கான்கிரீட் பக்கமே போகக்கூடாது. அந்த லண்டாஸ் முடிந்ததும் விடிகாலை ஐந்துக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்தோம். நாலு தளமும் காய்ந்த பிறகுதான் நனைந்தன. ராகு காலமாவது, கேது காலமாவது. கடைசித் தளத்துக்கு முன்பே, கம்பெனிக்குக் காட்ட வேண்டுமென்று எஞ்சினியர் பலகையை அழகாகத் தாளில் பிரதி எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாள்தான் திரையில். எஞ்சினியரே எழுந்து குச்சியால் விளக்கினார். புள்ளி, சரி. சீப்பு, சரி. முள்ளுக்கு வந்தார். "இது காற்றோடு சாய்வாக அடிக்கிற மழை" என்றார். சபை கை தட்டியது. நான் சிரித்த சிரிப்பில் மங்களா என் கையைக் கிள்ளி, "மாமா, சும்மா இருங்க!" என்றாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் இடம் பிடித்தேன்.

"ஏனுங்க சார், அந்த முள்ளு..."

"கிராஸ் விண்ட், மேஸ்திரி. மறந்துட்டீங்களா?"

"அது கருவாடுங்க சார். மெஸ்ல கருவாட்டுக் குழம்பு வெச்ச நாளு. எனக்குப் புடிக்கும்னு குறிச்சு வெச்சேன்."

பாயசக் கரண்டி பாதி வழியில் நின்றது. "புஸ்தகம் அச்சுக்குப் போயாச்சே" என்றார் மெதுவாக.

இப்போது அந்தப் பலகை இல்லை. கடைசித் தளத்துக்குப் பலகை போதாமல் அதையும் முட்டுக் கொடுத்துவிட்டோம். அவாங் எங்கே இருக்கிறானோ. திருவாதிரை மழை ஹனூரில் இப்போதெல்லாம் திருவாதிரைக்கு வருவதில்லை. சரவாக்கிலும் மழை மணி பார்ப்பதை விட்டுவிட்டது என்று அங்கே போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். மிச்சமிருப்பது அந்த ஒரு தாள்.

ஆகையால் புத்தகம் போடுகிறவர்களுக்கு என் கோரிக்கை. முள்ளை எடுக்க வேண்டாம், அதுதான் என் சாட்சி. ஆனால் அதற்கு எதிரே கருவாடு என்று திருத்துங்கள். மேலே "மழைப் பலகை போட்டவர், கௌதள்ளி மேஸ்திரி" என்று கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். மலை பார்க்கச் சொன்னவன் அவாங் என்பதும் உண்மைதான். அவன் பேரையும் போடுங்கள். என் பேருக்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக.