சித்தியின் பாம்புக்காது

என் சித்திக்குப் பாம்புக்காது. அடுத்த அறையில் நான் டப்பா மூடியைத் திருகினால் போதும், "வைடி அதை" என்று குரல் வரும். அந்தக் காதை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். டாக்டர்கள் முணுமுணுத்து அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, பிசகாமல் டைப் அடிக்கும் வேலை. பதினோரு வருடம். பேனாவைக் கடித்துக்கொண்டே பேசும் டாக்டர் ஒருவர் உண்டு. அவர் பதிவை வேறு யாரும் தொடமாட்டார்கள், சித்தி தலையில்தான் விழும்.

அலுவலகம் அவளுக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொடுத்திருந்தது. அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு இடம் உண்டு. திரை மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படம் மொத்தச் சத்தத்துக்கு. செட்டிங்ஸில் சவுண்ட் பக்கம் போனால், ஓடுகிற ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் கோடு. அதில் ஒன்றை இறக்கினால் அது மட்டும் அடங்கும். மூலைப் படம் நூறு என்றே காட்டும். சித்திக்கு மூலைப் படம் மட்டும்தான் தெரியும். எனக்கு இரண்டும் தெரியும். படிப்பு ஏறாத மண்டையில் இதெல்லாம் நன்றாக ஏறும்.

ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரம், பதிவு கேட்கும் செயலியின் கோட்டைக் கால்வாசிக்கு இறக்கினேன். ஹெட்போனை அவள் தட்டித் தட்டிப் பார்ப்பதை ரசித்துவிட்டு, சாயங்காலம் ஏற்றிவிடலாம் என்று திட்டம். மத்தியானமே அப்பா என்னை டுட்டோரியல் விடுதியில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார், பெயிலான இரண்டு பாடங்களுக்காக. கோடு சுத்தமாக மறந்துபோனது.

ஐந்து வாரம் கழித்து வந்தால் மேசை காலி.

"கம்ப்யூட்டர் எங்க சித்தி?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க. வேலையை விடறேன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். காது போயிடுச்சுடி."

மூலைப் படத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது வரும் 'டக்' கணீரென்று கேட்டதாம். டாக்டர் பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததாம். அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது. ஐந்து மில்லியை ஐம்பது என்று அடித்து யார் உயிராவது போனால்? பயந்துபோய் அவளே விலகிவிட்டாள். மெஷினைச் சோதிக்க அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தூக்கிக்கொண்டு போக மட்டும் இரண்டு பேர் வந்தார்கள்.

"சித்தி, நான்தான் குறைச்சு வச்சேன். சத்தியமா."

"என்னைத் தேத்தறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கறியாடி?"

"இப்ப நான் மெதுவாத்தானே பேசறேன்? கேக்குதுல்ல?"

"பழகின குரல்டி. அப்பாவுக்கும் கடைசிவரைக்கும் எங்க குரல் மட்டும் கேட்டுச்சு."

"டாக்டர்கிட்டயாவது போவோம், வா."

"அவர் வேற ஒரு தடவை சொல்லணுமா?"

அலுவலகத்துக்கு போன் போட்டேன். எடுத்த பெண்மணி ரொம்பப் பிரியமாகப் பேசினார்.

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. அந்த மெஷினா? ஆமா, புதுப் பொண்ணும் சத்தம் கம்மியா இருக்குன்னா. ஏதோ கோடு இறங்கி இருந்துச்சாம், ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிட்டோம்."

"எங்க சித்திக்கு ஏன் சொல்லலை?"

"அவங்கதான் போயிட்டாங்களேம்மா."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சித்தி எல்லாவற்றையும் கேட்டாள்.

"ரெண்டு நிமிஷமா?" என்றாள்.

திட்டுவாள் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து, மேசையில் கம்ப்யூட்டர் இருந்த இடத்துத் தூசைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.