எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்!"

இது நடந்தது அறுபத்தேழாம் வருஷம். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் அப்போது நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். அறுபத்தைந்து பாகிஸ்தான் சண்டையில் இரண்டு காதும் கேட்காமல் போய், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் திடமாக இருந்ததால் பார்ப்பவர்களுக்கு அவரிடம் ஒரு குறையும் தெரியாது. எங்களுடையது மானாவாரி நிலம். மழை பெய்தால் கடலை உண்டு, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. சண்டையில் ஊனமானவர்களுக்குத் தரும் பென்ஷனைத்தான் மலைபோல நம்பியிருந்தோம்.

அது கிடையாது என்று கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால், ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சின்ன வயசுலயே காதுல சீழ் வடிஞ்சதுன்னு உங்க வீட்டுக்காரரே டாக்டருங்ககிட்ட ஒத்துக்கிட்டாராம். அதனால இது சண்டையில வந்த ஊனம் இல்லன்னு எழுதியிருக்காங்க" என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வீட்டுக்காரர் எனக்குச் சொந்த மாமன் மகன். பாவாடை கட்டிய நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். கிணற்றடியில் நான் முணுமுணுத்தால்கூட வரப்பில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் காதில் சீழா? முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாக அசைத்து அவரிடம் கேட்டேன். அப்படித்தான் என் பேச்சு அவருக்குப் புரியும்.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்ல புள்ள" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மறுபரிசீலனை கேட்டு டீச்சர் மனு எழுதித் தந்தார். டாக்டர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். இவர் தனியாகப் போய்விட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். "நல்ல மனுசங்க. மரியாதையா விசாரிச்சாங்க" என்றார். பிறகு வந்த பதிலோ பழைய பதில்தான். சொன்னதையே மறுபடியும் ஒத்துக்கொண்டாராம்! மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி, அதுவும் போனால் அப்புறம் கேட்க இடமில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். டாக்டர்கள் பொய் எழுதுகிறார்களா, இவர் என்னிடம் மறைக்கிறாரா என்று புரியாமல் தவித்தேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் முடிவெட்டப் போனவர் மீசை இல்லாமல் வந்து நின்றார். பட்டாளத்து மீசை, ஆசையாக முறுக்கி வளர்த்தது. பின்னாலேயே முடிவெட்டுபவர் ஓடி வந்தார்.

"அக்கா, எம்மேல தப்பில்ல. மீசையையும் எடுத்துரவாண்ணேன்னு கேட்டுட்டுத்தான் எடுத்தேன். நல்லாத் தலைய ஆட்டுனாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இப்படித்தானே டாக்டர்களிடமும் தலையாட்டியிருப்பார்! மேல்முறையீட்டு விசாரணைக்கு நானும் கூடப் போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பட்டணத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் விசாரணை. அதுவரை திண்டுக்கல்லைத் தாண்டி நான் போனதில்லை. ஆனாலும் பயமே இல்லை. வாசலில் நின்ற சிப்பாய், "லேடீஸ் உள்ள போகக் கூடாதும்மா" என்று மறித்தார்.

"அவருக்குக் காது நாந்தேன். காத வெளிய வச்சுட்டு ஆள மட்டும் உள்ள அனுப்பச் சொல்றீகளா?" என்றேன், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

உள்ளேயிருந்து, "வரட்டும் விடுப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இருவருக்கும் தமிழ் புரியும், நடுவில் இருந்த பெரியவர் தமிழ்க்காரர். அவரைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னேன். "ஐயா, இவருக்குக் காது போனது உங்களுக்கே தெரியும். எப்பிடிப் போச்சுங்கிறதுலதான் வழக்கு. இவரே ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கீக. குனிஞ்ச தல நிமிராம, நீங்க இவருகிட்ட எதையாச்சும் கேட்டுப் பாருங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு காகிதத்தில் கண்ணை வைத்துக்கொண்டே, "ராணுவத் துப்பாக்கியைத் திருடி வித்தீங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் விறைப்பாக நின்று, "யெஸ் சார்!" என்றார்.

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. குனிந்தபடியே இன்னொன்று கேட்டார். "உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதா?"

"யெஸ் சார்!"

பெரியவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இவருக்கு நேராக நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்: "என்னப்பா நடந்துச்சு?" நானும் பக்கத்தில் நின்று அதையே வாயசைத்துக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்தார். பீரங்கிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்து வெடித்தது, காதிலிருந்து சட்டைக்குள் ரத்தம் வழிந்தது, பக்கத்தில் நின்ற சிநேகிதன் வாயைத் திறந்து கத்தியும் சத்தமே வராமல் இருந்தது, அவனுக்குத்தான் குரல் போய்விட்டதென்று இவர் நினைத்துக்கொண்டது... இதையெல்லாம் அன்றைக்குத்தான் நானும் முதல்முறையாகக் கேட்டேன். ஜெயிக்கப் போகிறோம் என்ற தெம்பில் உள்ளே போனவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் மேல எழுதுறேன்மா" என்று மட்டும் பெரியவர் சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது, அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று இவர் கேட்டார். மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன்.

"திரும்பச் சொல்லுங்கன்னு கேட்டா மூஞ்சியச் சுளிக்கிறாக புள்ள. ஆமான்னுட்டா அம்புட்டுத்தேன், விட்டுர்றாக" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. சண்டையில் போன காதுதான் என்று ஒப்புக்கொண்டு, பென்ஷன் கொடுத்தார்கள். அவர் இருந்தவரை அது வந்தது. இன்று எனக்கும் அதுதான் கஞ்சி ஊற்றுகிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்றை அந்த அறையில் கற்றுக்கொண்டதாக நினைக்கிறேன். என் முன்னால் யாராவது எதற்கும் சட்டென்று தலையாட்டினால், அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்வதே இல்லை. நேரே போய் நின்று, முகம் பார்த்து, இன்னொரு தடவை பொறுமையாகக் கேட்கிறேன்.