ஐஸ் போட்ட இரத்தம்

கற்பிட்டிக்குப் பக்கத்து மீன்பிடி ஊரான ஆலங்குடாவில் றிஸ்மினாவை எல்லாரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டு வருபவர்களிடம், தான் மருந்து எழுதும் டொக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து அந்தப் பட்டம் வாங்கியவள் என்று பொறுமையாகச் சொல்வார்.

"அப்ப இவ்வளவு காலமும் என்னத்தப் படிச்ச?" என்று பக்கத்து வீட்டு சித்தி லெய்லா ஒருமுறை கேட்டார்.

அவர் படித்தது நிர்ப்பீடனவியல். உடம்பு நோயை எதிர்த்து நிற்கும் விதத்தைப் பற்றிய படிப்பு. கற்பிட்டியில் உயர்தரம், கொழும்பில் பட்டம், பிறகு ஜப்பானில் ஆறு வருடம் ஆய்வுகூட எலிகளோடு. நோயை எதிர்க்க வேண்டிய வெண்குழியங்களை, அதாவது இரத்தத்தின் வெள்ளை அணுக்களை, புற்றுநோய் பிரேக் போட்டு நிறுத்தி வைக்கிறது. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இப்போது உண்டு. சிலருக்கு வேலை செய்கின்றன, பலருக்குச் செய்வதில்லை. யாருக்குச் செய்யும் என்று இரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா? நாடு திரும்பிய பின் எட்டு வருடமாக, வாய்ப் புற்றுநோயாளர்களின் இரத்தத்தில் றிஸ்மினா தேடுவது இதைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயாளர்களின் ஊர்ப்பக்கத்திலேயே சுகமாக இருக்கும் முப்பது பேரின் இரத்தம் வேண்டியிருந்தது. ஆய்வுக்காலம் முடிய ஐந்து வாரமே இருந்தது. அது கிடைக்காவிட்டால் எட்டு வருட வேலையும் பாதியில் நிற்கும்.

உதவி கேட்டுப் பழகாத றிஸ்மினா சொந்த ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். "ஒருக்கா மட்டும்தான்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். ஒரு சனிக்கிழமை காலை முப்பது பேரும் வந்தார்கள். அவர்களின் உடல்நல விபரங்களை எழுதி முடிக்க அவர் ஊரில் நிற்க வேண்டியிருந்தது. அதனால் இரத்தப் பெட்டியை, மீன் லொறியில் கொழும்புக்குப் போகும் தன் நானா, மூத்த சகோதரர் நௌஃபரிடம் கொடுத்தார். "கவனம் நானா" என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் ஆய்வுகூடத்திலிருந்து உதவியாளர் தினுஷன் அழைத்தார்.

"மிஸ், பெட்டி வந்திட்டுது. ஆனா சுத்திவர ஐஸ்."

றிஸ்மினா உடனே நௌஃபருக்கு அழைத்தார்.

"நானா, ஐஸ் யாரு போடச் சொன்ன?"

"அதையும் சொல்லணுமா? சிலாபத்தில நிப்பாட்டி, புதுசா இடிச்சு இன்னொருக்காவும் போட்டன். ஒரு குழாயும் உடையல்ல."

"அது மீன் இல்ல நானா. உசிரோட போய்ச் சேரணும்."

நௌஃபர் லொறியை ஓரமாக நிறுத்தினார். "அப்ப பழுதாப்போச்சா?"

குளிரில் கிடந்த வெண்குழியங்கள் விறைத்துப்போய், தூண்டினால் எழும்புவதில்லை. இரண்டு நாள் சோதித்துப் பார்த்துவிட்டுத் தினுஷனும் அதையே சொன்னார். இரத்தம் அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும் என்பது ஆய்வுகூடத்தில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத விஷயம். மீன் கெடாமல் ஐஸ் போட்டு வளர்ந்த வீட்டில் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது றிஸ்மினாவுக்குத் தோன்றாமல் போயிற்று.

ஒருமுறை என்று சொல்லிவிட்டு மறுபடி எப்படிக் கேட்பது? அவர் யோசித்துக்கொண்டிருந்த இரண்டு நாளில் நௌஃபர் மறுபடி இரத்தம் கேட்டுப் பாதி ஊரைச் சுற்றிவிட்டார். மிச்சப் பாதிக்கு றிஸ்மினாவும் கூடப் போனார்.

"இதக் கெடுத்தது நான்தான். டொக்டர்ல பிழையில்ல" என்றார் நௌஃபர், சித்தி லெய்லாவின் வாசலில் நின்று.

"நானும் சொல்லிக் குடுக்கல்ல" என்றார் றிஸ்மினா.

சித்தி லெய்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீன்காரன்ட கையில குடுத்தா அவன் ஐஸ் போடாம என்ன செய்வான்? நல்ல வேள, உப்புப் போட்டுக் காய வெக்கல்ல." பிறகு சட்டைக் கையை உயர்த்தினார். "போன முற இடக் கை. இந்த முற வலக் கையில எடு."

அடுத்த சனிக்கிழமை பழையவர்களில் மூன்று பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். புதிதாக ஏழு பேர் வந்தார்கள். நௌஃபர் அன்று மீன் ஏற்றவில்லை. மச்சானின் வேனை இரவல் வாங்கி, பெட்டியைப் பக்கத்து சீற்றில் வைத்துப் பெல்ட்டும் போட்டார். புத்தளத்திலிருந்து ஒரு அழைப்பு, சிலாபத்திலிருந்து ஒன்று, நீர்கொழும்பிலிருந்து ஒன்று. "சூடும் இல்ல, குளிரும் இல்ல" என்பதே மூன்றிலும் செய்தி.

திங்கட்கிழமை தினுஷன் அழைத்தார். "மிஸ், எல்லாம் எழும்பிட்டுது. முப்பத்திநாலும்."

றிஸ்மினா அன்றே கொழும்புக்குப் போனார். நோயாளர்களின் இரத்தத்தையும் ஊராரின் இரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எட்டு வருடமாகச் சந்தேகப்பட்ட வித்தியாசம் ஓரளவு தெளிவாகவே தெரிந்தது. ஆய்வுக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கக் கட்டுரையை அனுப்பிவிட்டு ஊருக்கு வந்தார்.

"அப்ப யாருக்கு மருந்து சரிவரும் எண்டு இனித் தெரியுமா?" என்று கேட்டார் நௌஃபர்.

"கொஞ்சம் தெரியும். நிச்சயமாச் சொல்ல இன்னும் நூறு பேராவது வேணும்."

நௌஃபர் வேன் சாவிக்காக மச்சானுக்கு அழைப்பெடுத்துக்கொண்டே, "பக்கத்து ஊர் குறிஞ்சிப்பிட்டியில கேட்டுப் பாக்கவா?" என்றார்.