தலைக்குள் பத்துக் குழாய், கையில் ஒரு ஸ்பானர்

பிளம்பர் வேலையில் தண்ணீரை நிறுத்துவது சுலபம். எதற்காக நிறுத்தினோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதுதான் வேலை. எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக டாக்டர் சொன்னார். கவனம் ஓரிடத்தில் நிற்காதாம். அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என் கூட்டத்தாரே, இது உங்களுக்குத்தான்.

கள்ளக்குறிச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய்தான் எனக்கு வேலை பிடித்துத் தருபவர். மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்குவதற்குள் கீசர், டேங்க், வெந்நீர் லைன் என்று மூச்சுவிட நேரம் இருக்காது. டாக்டர் சொன்னதை பாயிடம் ஒருநாள் உளறிவிட்டேன். அதிலிருந்து எலக்ட்ரீஷியன் மணி துணைக்கு வராமல் அவர் என்னை எங்கும் அனுப்பவில்லை. தனியாகச் செய்துவந்த வேலைக்குக் காவல் போட்டால் யாருக்குத்தான் வலிக்காது? மறுபடி என்னை நம்பித் தனியாக அனுப்ப வேண்டும், எனக்கு அது போதும் என்றிருந்தது.

மாடியில் வண்டிச் சாவி

சங்கராபுரத்தில் ஒரு டீச்சர் வீடு. கீசரைக் கழற்றும் முன் மாடியில் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடினேன். மூடியதும் என் பைக் சாவியை அதிலேயே மாட்டிவிடுவது என் வழக்கம். திறக்க மறந்துபோனாலும், வால்வுப் பக்கம் போகாமல் வண்டி கிளம்பாது அல்லவா? இது நானே கண்டுபிடித்த ஏற்பாடு, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. துணி காயப்போட வந்த டீச்சர் சாவியைக் கண்டு, மேலிருந்தே என்னை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இன்னாங்க, வண்டிய மேலயா ஏத்தி வெச்சுக்கினு இருக்கீங்க?"

எல்லாப் பக்கமும் காது

சின்னசேலத்தில் அரிசி மண்டிக்காரர் வீடு. உப்புத் தண்ணீரில் கீசருக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பிச்சுருள் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. சுரண்டிக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்துபோய் ஹால் சுவரில் காதை வைத்தேன். மணி தலையில் அடித்துக்கொண்டான். டி.வி., மிக்சி, தெருவில் போகும் லாரி எல்லாமே எனக்கு ஒரே அளவில்தான் கேட்கும். அதற்கு நடுவே சுவருக்குள் மெல்லிசாக ஒரு சீறல். கொத்திப் பார்த்தால் ஜாயிண்டில் கசிவு. மழை ஈரம் என்று நினைத்து அந்தச் சுவருக்குப் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என்னை மறுபடி கீசரிடம் இழுத்து வந்தது மணிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். மண்டிக்காரர் சொன்னார்: "கவனம் இல்லன்னு எவன்பா சொன்னது? உனக்கு அது ஜாஸ்தியா இல்ல இருக்குது!"

'ம்' கொட்டிய அக்கா

கல்வராயன் மலையிலிருந்து பாய்க்கு அவசரமாக ஒரு போன். வள்ளியக்கா என்பவரின் மகள் பச்சைக் குழந்தையோடு மறுநாள் வருகிறாள். வீட்டில் வெந்நீர் வரவில்லை. மணிக்கோ காய்ச்சல். வேறு வழியில்லாமல் பாய் என்னைத் தனியாக அனுப்பினார். இதில் சொதப்பினால் இனி தனியாகப் போகும் ஆசையை மறந்துவிட வேண்டியதுதான்.

மலையில் தண்ணீர் உறையாது, தொட்ட கைதான் உறையும். மழையில் ஊற்றுத் தண்ணீரோடு வந்த சேறு லைனை அடைத்திருந்தது. கழற்றினேன். டேங்க் மூடியில் விரிசல் கண்ணில் பட்டது, அங்கே போனேன். மொட்டை மாடியில் தண்ணீர் போகும் வழியில் சருகு, அங்கேயும் போனேன். மத்தியானம் பார்த்தால் எல்லாமே பாதியில் கிடந்தது. அக்கா முகம் வாடிப்போனது. எனக்கு உள்ளுக்குள் பயம்.

"வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செஞ்சா எனக்குக் கை நெலைக்கும்க்கா" என்றேன். அவர் கதை கேட்பதுபோல் படியில் உட்கார்ந்து 'ம்' கொட்ட ஆரம்பித்தார். நான் வேறெங்காவது தாவினால், "அது கெடக்கட்டும் தம்பி, சேத்தக் கழுவுன, அப்புறம்?" என்பார். அப்புறம் லைனை மாட்டினேன். அப்புறம் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டும்வரை பொறுத்திருந்து கீசர் ஸ்விட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குழாயில் ஆவி பறந்தது. மூடியும் சருகும் அதே கதையில் முடிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில்தான்.

மறுநாள் பாய் அக்காவுக்குப் போன் செய்து, நான் எதையாவது அரைகுறையாக விட்டேனா என்று துருவியிருக்கிறார். கடைக்குப் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொயந்த ஜோரா குளிச்சுதாம்பா. நாளைக்கு ரிஷிவந்தியத்துக்கு நீ மட்டும் போ. மணிக்குத்தான் தொணைக்கு ஆள் தேடிக்கினு இருக்கேன்."

ஆக, இந்த மார்கழியில் நான் கைவைத்த வீடுகளில் வெந்நீர் வராத வீடு ஒன்றே ஒன்றுதான், அதில் நான்தான் குடியிருக்கிறேன்.