முதுகைக் காட்டி நின்ற படம்

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், ஆபீசு போகிறவர்கள் குடியிருப்பில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் நான் ஆயாவாக இருந்தேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் கூடத்துச் சுவரில் கேமரா வைத்தார்கள். அம்மாமார்கள் ஆபீசில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் பிள்ளையைப் பார்க்கலாமாம். எனக்கோ கூச்சம். முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வேலை செய்தேன்.

எதிர்ச்சுவர் அலமாரியில் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். அதற்குத் திரை கிடையாது, யாரும் அதைத் தொடுவதும் இல்லை. சும்மா கிடக்கிறது என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் மிக்சி, கிரைண்டர் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தோம். அந்தப் பெட்டியை மட்டும் எப்படி விடுவது என்று கை வைத்தேன். பின்னால் ஒரு பெண்குழந்தை வீறிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் திரும்பினேன். தூக்கியதும் தோளிலேயே தூங்கிவிட்டது. அப்படியே ஒரு கையால் பெட்டியைத் துடைத்துப் பொட்டும் வைத்தேன்.

முக்கால் மணியில் அதன் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"அரை மணி நேரமா கையத் தூக்கிக்கிட்டு அழறா. நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. என்ன ஆயாம்மா இது?"

"இங்கதாம்மா தூங்கிகினு கீது" என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

காப்பகத்து மேடம் போன் போட்டுக் கம்ப்யூட்டர்காரர் வந்தார். பெட்டியில் இருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தார். கேமரா நேராக அத்தனை பேருக்கும் படம் கொடுக்காதாம், திணறுமாம். பெட்டிதான் அதனிடம் வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்குமாம். அதை அணைத்ததும் கடைசியாகப் போன படம் அம்மாமார்களின் கம்ப்யூட்டரில் அப்படியே நின்றுவிட்டதாம். கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது? பெட்டி நின்றால் இருட்டாகத்தானே தெரியவேண்டும்? என்னை எதற்குப் பிடித்து நிறுத்தி வைத்தது?

சமையல்காரி மட்டும், "இன்னாக்கா, கேமரா கண்ணுல ஒரு பொட்டு வெச்சிருந்தா இந்த பேஜாரே இல்லியே" என்றாள்.

காப்பகத்து மேடம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா சொல்வதில்தான் என் வேலை இருந்தது. அந்த அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அவ அழுதப்போ நீங்க உடனே திரும்பலையா?"

"சுச்ச அணைச்சிட்டுத் திரும்பினேம்மா."

அந்த ஒரு நொடிதான். ஆனால் அது நடந்தது. பொய் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு, "லீவு முடிஞ்சு எட்டு மணிக்குக் கொண்டு வரேன். அழுதா முதல்ல இவளைத் தூக்குங்க" என்றார்.

தலையை ஆட்டினேன்.