அக்கரைத் தெருவுக்கு நான் போன ஒரே தடவை

போடியில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லுவேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கியவன், ஊருக்கு ரயில் வந்த புதிதில் மூட்டைகளை அடுக்கச் சொந்தக் கிட்டங்கி கட்டிவிட்டேன். விருதுநகர் வியாபாரிகள் என் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே எடுத்துப் போவார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில், ஒரு பீடி குடித்து முடிக்கிற தூரத்தில் இருந்த தெருவில் நான் கால் வைத்ததே இல்லை. கிட்டங்கியில் எனக்குக் காயைத் தரம் பிரித்துப் பொறுக்கிய பெண்கள் அத்தனை பேரும் அங்கிருந்துதான் வந்தார்கள்.

கிட்டங்கிகளில் அப்போது ஒரு வழக்கம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று சேலை மடியை உதறிக் காட்ட வேண்டும். காயை ஒளித்துக் கொண்டுபோகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஒருநாள், எடை குறைந்த கோபத்தில், இருந்தவர்களிலேயே கெட்டிக்காரியை இரண்டு தடவை உதறச் சொன்னேன். முந்தி முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னேன். வெற்றிலையும் பாக்கும்தான் விழுந்தன. மறுநாள் அவள் வரவில்லை. நான்கு நாளாயிற்று. காயை விரலில் உருட்டியே தரம் சொல்லுகிறவள் அவள். சரக்கெடுக்க ஆள் வரும் நாளோ நெருங்கிவிட்டது. நானே போய் நின்றால் ஓடி வந்துவிடுவாள் என்று கிளம்பினேன்.

தெருவுக்குள் போனபிறகுதான் தெரிந்தது, அவள் பெயர் எனக்குத் தெரியாது. எட்டு வருசமாக 'ஏ புள்ள'தான். யாரை என்னவென்று கேட்பது? என்னிடம் வேலை பார்க்கும் வயதான பெண் ஒருத்தி தன் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து மடியை உதறினாள். சோள உமிதான் பறந்தது.

"ஏ மதினி, இது ஒன் வீட்டு வாசலு! உக்காரு!" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள். தெருவே சிரித்தது. உதறியவள் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு, நான் தேடி வந்தவள் வெளியே வந்தாள்.

"இங்கன எங்க மொதலாளி? வழி தவறிட்டீகளோ?"

"நாளைக்கு வேலைக்கு வா ஆத்தா. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்."

"வாரேன். எங்க தெருவுக்கு வந்திருக்கீக. போகையில நீங்களும் மடிய உதறிக் காட்டிட்டுப் போங்க."

"ஏண்டி, சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்காதடி" என்று யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். அவள் நகரவில்லை.

விளையாட்டாக எடுத்துக்கொண்டவன்போல் வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினேன். பொலபொலவென்று ஏலக்காய் விழுந்தது. மாதிரி காட்டுவதற்காகப் போட்டுவைத்த காய், மறந்தே போயிருந்தேன்.

யாரும் குனியவில்லை.

"அள்ளிக்கிட்டுப் போங்க மொதலாளி. நாளைக்கு இதக் காணோம்னு எங்களத்தான் கேப்பீக" என்றாள்.

அத்தனை பெண்களும் பார்க்க, குத்தவைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

மறுநாள் அவள் வந்தாள். சரக்கும் நேரத்துக்குப் போனது. சாயங்காலம் பெண்கள் வரிசையாக மடியை உதறினார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மற்றக் கிட்டங்கிக்காரர்கள் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் முறை வந்ததும், தராசைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போகவில்லை. நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்து நின்று, அப்புறம்தான் உதறினாள்.